தொண்டை என்னுடையது

எண்ணூறு நாற்காலி போட்ட மண்டபத்தில் பாட வந்தவளுக்கு ஒரு நாற்காலி கிடைக்காது. பதினோரு வருடமாக ஷெர்லின் இதைப் பார்த்து வருகிறாள். கேட்டால், நின்று பாடினால்தான் வீடியோவில் நன்றாக இருக்கும் என்பார்கள். தோளில் கிதாரை மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்று பாடி முடித்தால் இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு பந்திக்குப் போனால், டிரைவர்களுக்குப் போடும்போது சேர்ந்து உட்காரச் சொல்வார்கள். அதற்குள் பாயசம் தீர்ந்திருக்கும்.

பெரிய ஓட்டல் என்றால் இன்னொரு விதம். வாசலில் நிற்கும் காவலாளி அவளையும் அவளுடைய சக்கரம் வைத்த ஸ்பீக்கரையும் பார்த்துவிட்டு, பின்பக்கமாகப் போய்ச் சரக்கு லிஃப்டில் ஏறச் சொல்வார். வெங்காய மூட்டையோடு மேலே போய், கூந்தலைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகமாக மேடை ஏற வேண்டும். இரண்டாவது பாட்டிலேயே யாராவது ஒரு மாமா வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். ஐந்தாவது பாட்டில் அதே மாமா வந்து மைக்கைத் தன் கையில் கேட்பார்.

எல்லாவற்றையும் அவள் பொறுத்துக்கொண்டாள். தொழில் என்றால் நாலும் இருக்கும் என்பாள். தனி ஆள் அவள். குழு கிடையாது, ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது. ஒரு கிதார், ஒரு மைக், பின்னணி இசைக்கு உள்ளங்கை அளவில் ஒரு கருவி, ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொள்ளும் ஸ்பீக்கர். அவ்வளவுதான் அவள் கம்பெனி. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸ் பக்கத்துச் சர்ச்சில் ஏழு வயதிலிருந்து பாடிப் பழகியவள் ஷெர்லின். அங்கே மைக் வாங்கியதே அவள் பிளஸ் டூ முடித்த வருடம்தான். அதுவரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கும் குரல் போய்ச் சேர வேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து பாடக் கற்றுக்கொண்டாள்.

இப்போது அப்பாவும் அவளும் கே.கே. நகரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டு இடத்திலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மேடையில் பாடக் கூடாது என்று இரண்டு பேருமே ஒரே மாதிரி சொன்னார்கள். கல்யாணமே வேண்டாம் என்று அவளும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பதில் சொன்னாள்.

அவள் பாடுவதில் பெரும்பகுதி சினிமாப் பாட்டுதான். ஜனங்கள் கேட்பதைப் பாட வேண்டும். ஆனால் ஒரு பாட்டு மட்டும் அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டது. மணப்பெண் மேடைக்கு நடந்து வரும்போது பாடுகிற பாட்டு.

வாசல் வரைக்கும் வந்த வெளிச்சமே,
உள்ளே வாவென்று கூப்பிட உன் பேர் என்ன?

இந்த இரண்டு வரி முடிந்ததும் மணப்பெண்ணின் பெயரை இழுத்துப் பாடுவாள். அதற்காக நிகழ்ச்சிக்கு முந்தின நாளே பெண்ணுக்கு போன் போட்டு, வீட்டில் உன்னை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வாள். இரண்டு எழுத்துப் பெயர் என்றால் ஒரு இழுப்பு, ஐந்தெழுத்து என்றால் வேறு மாதிரி. தன் பெயர் பாட்டில் வந்ததும் நடந்து வருகிற பெண் அப்படியே ஒரு கணம் நின்றுவிடுவாள். சில பெண்கள் அழுதும் விடுவார்கள். அந்த ஒரு கணத்துக்காகத்தான் வெங்காய மூட்டையோடு லிஃப்டில் ஏறுவதை ஷெர்லின் பொறுத்துக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

தில்லை நகரில் மங்கள நாதம் என்று ஒரு கம்பெனி. கல்யாணத்துக்கு மேடை அலங்காரம் செய்துகொண்டிருந்த ரங்கநாதன் என்பவர், மேடையோடு பாடகியையும் சேர்த்துத் தருகிறேன் என்று ஆரம்பித்து ஷெர்லினைக் கூப்பிடத் தொடங்கினார். ஒன்றரை வருடம் நன்றாகத்தான் போனது. அவருடைய நிகழ்ச்சிகளில் சவுண்டு பார்க்கும் நஸ்ருல்லா பாலக்கரைப் பையன், முப்பது வயதுக்குள் இருக்கும், காது சுத்தம். ஷெர்லின் தொண்டையைக் கனைத்தாலே இன்றைக்கு ஜலதோஷமா அக்கா என்று கேட்டு அதற்குத் தக்கபடி மிக்ஸரைத் திருப்பி வைப்பான்.

தை மாதத்துக்குப் பிறகு ரங்கநாதனிடமிருந்து அழைப்பு வருவது நின்றது. சித்திரை போய் வைகாசி வந்தது. ஊரில் மூலைக்கு மூலை வாழைமரம் கட்டியிருக்கிறார்கள், அவளுக்கு மட்டும் வேலையில்லை. போன் செய்து கேட்டாள். இப்போதெல்லாம் எல்லோரும் டிஜே கேட்கிறார்கள், லைவ் பாட்டுக்கு மவுசு போய்விட்டது என்று ரங்கநாதன் வருத்தப்பட்டுச் சொன்னார். அவளும் நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு ரெஸ்டாரண்டில் பாடினாள். வார நாளில் நான்கு பேருக்கு கிதார் சொல்லிக் கொடுத்தாள்.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை ஸ்ரீரங்கத்துக்குப் போயிருந்தாள். அம்மா மண்டபம் சாலையில் ஒரு மண்டபம். அங்கே அறுபதாம் கல்யாணம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் பாட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். பெருமாள் கிருபையில் எல்லாம் நன்றாக நடக்க வேண்டும், இரண்டு பாசுரமும் சேர்த்துப் பாடுவேளா என்று கேட்டார். கற்றுக்கொண்டு வந்து பாடுகிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கீழ்த்தளத்திலிருந்து ஒரு பாட்டு மேலே வந்தது.

நல்ல குரல் என்றுதான் முதலில் நினைத்தாள். தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாருக்குமே சட்டென்று பிடிபடாது. பாட்டின் நடுவில் அந்தக் குரல் பாடுவதை நிறுத்தி, “பாத்துடா கண்ணு, ஒயர் இருக்கு” என்று செல்லமாக அதட்டிவிட்டு மறுபடி பாடியது.

போன வருடம் உறையூரில் ஒரு வரவேற்பில் பட்டுப் பாவாடை கட்டிய குழந்தை ஒன்று மேடைக்கு ஓடி வந்து ஒயரில் கால் வைத்தது. அப்போது ஷெர்லின் சொன்னது அது.

பெரியவரிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கீழே வளைகாப்பு. மேடை ஓரத்தில் ஊதா நிறப் பட்டுப் புடவையில் மெலிந்த, களையான ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயசைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ‘மங்கள நாதம் – லைவ்’ என்று ஒரு பேனர். மேடைக்குக் கீழே மிக்ஸர் முன்னால் நஸ்ருல்லா. மேடைக்கு முன்னால் எந்தக் குழந்தையும் இல்லை. நிமிர்ந்து ஷெர்லினைப் பார்த்தவனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

கை கழுவுகிற இடத்துக்குப் பின்னால் வைத்து அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மிக்ஸரில் அவள் குரல் மட்டும் தனியாகப் பதிவாகும். சவுண்டைச் சரிபார்க்க அவன் வைத்திருந்ததை ரங்கநாதன் கேட்டு வாங்கினார். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபேன்சி ஸ்டோரில் வேலை பார்க்கும் ஜோதி என்ற பெண்ணைப் பிடித்து வந்து மேடையில் நிறுத்தினார். தை மாதத்திலிருந்து இதுதான் நடக்கிறது. குழந்தையை அதட்டின இடத்தை வேண்டுமென்றேதான் விட்டுவைத்தார்களாம். அது இருந்தால்தான் நேரில் பாடுகிற மாதிரி இருக்குமாம்.

ஷெர்லின் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “பொண்ணு பாட்டையும் போடுறீங்களா?”

அவன் தலையாட்டினான்.

“அதுல பேர் வருமே. அதை என்ன செஞ்சே?”

“கட் பண்ணிட்டேன்க்கா. அந்த இடத்துல சும்மா ஒரு கேப் இருக்கும். அந்தப் புள்ள அப்ப பொண்ணு பக்கம் கையைக் காட்டும்.”

ஓங்கி அறைந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவன் காதைப் பிடித்துத் திருகலாம் போல் இருந்தது. அங்கே வளைகாப்புக்கு உட்கார்ந்திருக்கும் பெண்ணை நினைத்து, வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ரங்கநாதனின் அலுவலகத்தில் இருந்தாள். அவர் பதறவில்லை. ஏசியைக் கூட்டினார், காபி வரவழைத்தார். அன்றைக்குப் பாடினதற்கு அன்றைக்கே சம்பளம் வாங்கிவிட்டீர்கள், என் மேடை, என் மிக்ஸர், என் கரண்ட், அதில் பதிவானது என்னுடையதுதானே என்றார். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு மேடையில் ஒரு முகம் வேண்டியிருக்கிறது என்று அவளை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார். பென் டிரைவுக்கு ஜலதோஷம் பிடிக்காது, நாற்காலி கேட்காது என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் குரலை மாற்றினார்.

“யோசிச்சுப் பாருங்க மேடம். நீங்க பாடுறது எல்லாம் சினிமாக்காரன் பாட்டு. அது உங்களோடதா? ஊரான் பாட்டை நீங்க பாடுறப்ப ஒண்ணுமில்ல, நான் போட்டா மட்டும் திருட்டா?”

அந்தக் கேள்வியில் நியாயத்தின் நிழல் மாதிரி ஏதோ இருந்தது. ஆனாலும் அவள் சொன்னாள்.

“பாட்டு என்னோடது இல்லைங்க சார். தொண்டை என்னோடது. அதுல ஒரு பாட்டு, பாட்டும் என்னோடது.”

அப்படியானால் ஒன்று செய்யலாம் என்று அவர் சமாதானத்துக்கு வந்தார். ஸ்டுடியோவில் உட்கார்ந்து இன்னும் ஐம்பது பாட்டுப் பாடிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வீட்டில் நிம்மதியாக இருக்கலாம், ஜோதி நிற்பாள், எல்லோருக்கும் லாபம். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதை அவர் ஏதோ புண்ணிய காரியம் போல விளக்கிக்கொண்டிருந்தார். காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போனாள். எழுதிக் கொடுத்த மனுவை இரண்டு தரம் படித்துவிட்டு, என்ன திருடு போயிருக்கிறது என்று எழுத்தர் கேட்டார். குரல் என்றாள். அவர் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

“குரல் போயிடுச்சுங்கிறீங்க. அப்ப இப்ப எப்படிம்மா பேசுறீங்க?”

கேலி செய்யவில்லை அவர், உண்மையாகவே கேட்டார். அதுதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. செயின் போனால் எழுதிக்கொள்கிறார்கள், செல்போன் போனால் எழுதிக்கொள்கிறார்கள். இருபத்தைந்து வருடம் பாடிப் பாடி உண்டாக்கினது போனால் எழுதுவதற்கு அங்கே கட்டம் இல்லை. மனுவுக்கு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். பஸ்ஸில் வரும்போது அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் ஒரு போன். இருசம்மாள் என்று பெயர் சொன்னார். வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறவர். போன வருடம் உறவுக்காரர் வீட்டு வரவேற்பில் ஷெர்லின் பாடினதைக் கேட்டு, அவள் கொடுத்த அட்டையை அன்றிலிருந்து பத்திரமாக வைத்திருந்தாராம்.

“ஏம்மா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எம் பொண்ணு ரிசப்ஷனுக்கு நீங்கதானே பாடுறீங்க? அவ பேரு கயல்விழிம்மா. பாட்டுல சேத்துப் பாடுவீங்களே, அதுக்குத்தான் ஞாபகப்படுத்துறேன்.”

நான் வருவதாக யார் சொன்னது என்று ஷெர்லின் கேட்டாள். கம்பெனிக்காரர்தான், அந்தக் குரலே வரும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார் என்றார் இருசம்மாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஷெர்லினுக்கு அடக்க முடியவில்லை. ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். போனில் பின்னாலிருந்து, லாரியில் வாழைத்தார் ஏற்றுகிற ஆட்களின் குரல் கேட்டது.

“பூவன்னு சொல்லி மொந்தனை அனுப்பினா எந்த மண்டியிலயாவது விடுவாங்களா?” என்றார் இருசம்மாள். “நீங்க வாங்க. பாட வந்தவங்களா வர வேணாம், எங்க வீட்டு விருந்தாளியா வாங்க. மூணாவது வரிசையில உங்களுக்கு நாற்காலி போடச் சொல்றேன். அந்த ஆளு கேப் விட்டா அதுல நீங்க பாடுங்க.”

கல்யாண வீட்டில் போய்ச் சண்டை மாதிரி ஆகிவிடுமே, பெண்ணுக்கு அசிங்கமாகிவிடுமே என்று ஷெர்லின் தயங்கினாள்.

“எம் பொண்ணு கல்யாணத்துல எது அசிங்கம்னு நான் சொல்றேன்மா. ஏமாந்தது தெரிஞ்சும் கை தட்டிக்கிட்டு நிக்கிறதுதான் அசிங்கம்.”

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. ஷெர்லின் கிதார் இல்லாமல், சாதாரண காட்டன் புடவையில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடத்தில் ஒரு வரவேற்பில் அவள் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் முறை. மேடையில் ஜோதி. கீழே நஸ்ருல்லா. ரங்கநாதன் வாசலில் நின்று வீடியோக்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

கயல்விழி மெரூன் கலர் லெஹங்காவில் வாசலில் தோன்றினாள். விளக்குகளை அணைத்து ஒரே ஒரு வெளிச்சத்தை அவள் மேல் போட்டார்கள். ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்தது. வாசல் வரைக்கும் வந்த வெளிச்சமே. ஜோதி அழகாக வாயசைத்தாள். உள்ளே வாவென்று கூப்பிட உன் பேர் என்ன?

கேப் வந்தது. ஜோதி மணப்பெண் பக்கம் கையை நீட்டினாள்.

ஷெர்லின் எழுந்து நின்று, “கயல்விழி” என்று பாடினாள். மைக் இல்லை. பொன்மலை சர்ச்சில் கடைசி பெஞ்சுக்குப் பாடின குரல் மண்டபத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பியது. ‘ழி’யை அவள் இறக்கி முடிப்பதற்குள் ஜனங்கள் திரும்பிவிட்டார்கள். ஸ்பீக்கரில் அடுத்த வரி வந்தது. அவளும் அந்த வரியைப் பாடினாள். ஒரே குரல் மேடையிலிருந்து ஒன்றும் நாற்காலிக்கு நடுவிலிருந்து ஒன்றுமாக இரண்டாக வந்தது. யாரோ ஒரு குழந்தை மேடையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது.

நஸ்ருல்லா மிக்ஸரில் கையை வைத்து மெதுவாகக் கீழே இழுத்தான். ஸ்பீக்கர் அடங்கியது. மிச்சப் பாட்டை ஷெர்லின் தனியாகப் பாடி முடித்தாள். அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை, நடந்து வருகிற பெண்ணை மட்டும் பார்த்தாள். கயல்விழி பாதி வழியில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு நேராக அவளிடம் வந்து கட்டிக்கொண்டாள். இருசம்மாள் மேடையேறி ஜோதியின் கையிலிருந்த மைக்கை வாங்கித் தட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. அதைக் கையில் உயர்த்திக் காட்டிவிட்டு, நான் கேட்ட குரல் இதோ நடுவில் நிற்கிறது என்று சத்தமாகவே சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ரங்கநாதன் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டு நாளில் அந்த வீடியோ மங்கள நாதத்தின் பக்கத்தில், அவர்கள் முத்திரையோடு வந்தது. ‘விருந்தினர்களுக்கு நடுவிலிருந்து எழுந்து பாடும் பாடகி – எங்கள் புதிய அறிமுகம்’ என்று எழுதியிருந்தார். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். இதே மாதிரி எங்கள் வீட்டுக்கும் வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். தன்னை மாட்ட வைத்ததையே மாலையாகப் போட்டுக்கொண்டார் மனிதர். அதைப் பார்த்த அன்றைக்கு ஷெர்லின் சோற்றில் கை வைக்கவில்லை. வயிறு எரிகிறது என்பார்களே, அது வெறும் பேச்சில்லை என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த வாரமே ஜோதி வீடு தேடி வந்தாள். மாடிப்படியில் நின்றவளைப் பார்த்ததும் ஷெர்லின், மன்னிப்பெல்லாம் வேண்டாம், போய்விடு என்று கதவைச் சாத்தப் போனாள்.

“மன்னிப்பு கேக்க வரலைங்க” என்றாள் ஜோதி. “அந்த வீடியோவுக்குக் கீழ என்னைப் பத்தி என்னென்ன எழுதியிருக்காங்கன்னு பாத்தீங்களா? கடைக்கு வர்ற ஆளுங்க, வாயை அசைச்சுக் காட்டுன்னு கேக்குறாங்க. உங்க குரல் திருடு போச்சுன்னு ஊரே பேசுது. என் மூஞ்சியும்தான் போச்சு. அதைப் பத்திப் பேச ஆள் இல்ல.”

பாடகி துபாய் போய்விட்டாள், சம்மதத்தோடுதான் பாட்டைப் போடுகிறோம் என்று ரங்கநாதன் அவளிடம் சொல்லியிருந்தார். முதல் இரண்டு நிகழ்ச்சியிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கேட்டதற்கு, நிற்பதானால் நில், கடையில் பொட்டு விற்கிற பெண்கள் ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. வீடியோவை எடுத்துவிடச் சொல்லி இப்போது மூன்று முறை போய்க் கெஞ்சியும் எடுக்கவில்லை, அவள் முகம் தெரிகிற இடம்தான் ஜனங்கள் சிரிக்கிற இடம் என்கிறார்.

ஷெர்லினுக்கு அவள் மேல் இருந்த கோபம் போகவில்லை. தெரிந்துதானே நின்றாய் என்று முகத்துக்கு நேராகக் கேட்டாள். ஜோதியும் ஆமாம் தெரிந்துதான் நின்றேன் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் முகத்தைப் பற்றி அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுவரை ஷெர்லின், வீடியோவுக்குக் கீழே தன்னைப் பாராட்டி ஜனங்கள் எழுதியதை மட்டும் படித்திருந்தாள். அன்று ஜோதியின் போனில் மற்றதையும் படித்தாள். படித்துவிட்டுக் கதவை முழுசாகத் திறந்து, உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.

மறுநாள் இரண்டு பேருமாக வக்கீல் ஷரபுன்னிசாவைப் போய்ப் பார்த்தார்கள். பாடுகிறவர்களுக்கு அவர்கள் பாடினதன் மேல் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னபோது ஷெர்லினுக்கு முதலில் சந்தோஷத்தை விட ஆத்திரம்தான் வந்தது. சட்டத்தில் இருந்திருக்கிறது, பதினோரு வருடமாக ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. குரலுக்கு ஒன்றும் முகத்துக்கு ஒன்றுமாக இரண்டு வழக்கு போட்டார்கள். சாட்சி வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது நஸ்ருல்லா தானாகவே வந்தான். ஒவ்வொரு நிகழ்ச்சியின் பதிவையும் வெட்டாத மூலத்தோடு, தேதியோடு கொண்டு வந்து வக்கீல் மேஜையில் வைத்தான். மங்கள நாதத்தில் அவனை அந்த வரவேற்பு ராத்திரியே வேலையிலிருந்து நிறுத்திவிட்டிருந்தார்கள். அவன் செய்ததை ஷெர்லின் மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. தன் நிகழ்ச்சிகளுக்கு இப்போது அவனைத்தான் கூப்பிடுகிறாள். ஆனால் பாட ஆரம்பிக்கும் முன் மிக்ஸரில் பென் டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் மைக்கைத் தொடுகிறாள். அவனும் தள்ளி நின்று பார்க்க விடுகிறான்.

ஆடி முடிவதற்குள் இடைக்காலத் தடை கிடைத்தது. பதிவுகளைப் போடக் கூடாது, வீடியோவை எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. வீடியோ போனது. அதைப் பிரதி எடுத்துப் போட்டவர்கள் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு யார் மேல் வழக்குப் போடுவது?

ஆவணியில் ஒரு விசாரணை நாள். கோர்ட்டு வராந்தாவில் ரங்கநாதனின் வக்கீல் அவர்களிடம் வந்து பேசினார். ஒரு தொகை தருகிறோம், பதிவில் ஷெர்லின் என்று பெயரும் போடுகிறோம், வழக்கை முடித்துக்கொள்ளலாம். பெண்பிள்ளைகள் இப்படிக் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா என்று அக்கறையாகக் கேட்டார். ரங்கநாதன் கொஞ்சம் தள்ளி, போனைப் பார்த்துக்கொண்டே காதை இங்கே வைத்திருந்தார்.

“பேர் போட வேண்டாம் சார்” என்றாள் ஷெர்லின். “பாட்டு வேணும்னா என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. நேர்ல வந்து பாடுவேன்.”

ஜோதி தன் பங்குக்கு, நானும் முடித்துக்கொள்வதாக இல்லை என்றாள். வழக்கு கார்த்திகைக்குத் தள்ளிப்போனது. ஜோதி இரண்டு மணிக்குக் கடையில் இருக்க வேண்டும். ஷெர்லின் அவளைச் சத்திரத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அப்பா சாப்பாடு போட்டு வைத்துக் காத்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார், சொன்னாள். இன்னும் எத்தனை நாள் இதைத் தூக்கிக்கொண்டு அலையப் போகிறாய், கோபம் கொஞ்சமாவது தணிந்ததா என்று கேட்டார்.

“இல்லைப்பா” என்றாள்.

சரி, ரசம் ஆறிவிடப் போகிறது என்று சொல்லி அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.